கிழக்கு வரிசையில் மூன்று மீட்டர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் என் சித்தி, "தண்ணித் தொட்டி கழுவுறேன்" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை. அவளுக்கும் அது வசதிதான். அந்தத் தொட்டிகளில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட யாரும் குடிப்பதில்லை என்று சொல்ல ஆரம்பித்தால், பிறகு எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும்.

நான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். ஏனென்றால் போன மாதம் அவளுக்கு நடந்தது, அந்தத் தொட்டிகள் எதற்காக இருக்கின்றன என்று தெரியாவிட்டால் யாருக்கும் புரியாது.

மலைமேல் தட்டையான ஒரு வெளியில் நூற்று இருபது இரும்புத் தொட்டிகள் நிற்கின்றன. பன்னிரண்டு பன்னிரண்டாகப் பத்து வரிசை. ஒவ்வொன்றும் ஒன்றரை மாடி உயரம். உள்ளே கறுப்புப் பை, பை நிறைய வடிகட்டிய தண்ணீர், அடியில் நான்கு கண்ணாடிக் கண்கள். வெளிச்சம் துளிகூட உள்ளே போகக் கூடாது. வானத்தில் இருந்து பலமான காமா ஒளி வந்து காற்றில் மோதும்போது, அது உடைந்து சின்னச் சின்னத் துகள்களாக மழைபோலக் கொட்டும். அந்தத் துகள் தண்ணீருக்குள் பாயும்போது நீலமாக ஒரு மின்னல் அடிக்கும். கண்ணாடிக் கண் அதைப் பார்க்கும். பார்த்ததை ஒரு கேபிள் நடுவில் உள்ள எண்ணும் அறைக்குக் கொண்டுபோகும். எந்தத் தொட்டி முதலில் பார்த்தது, எது எவ்வளவு பிந்திப் பார்த்தது என்று கணக்குப் போட்டால், அந்த ஒளி வானத்தின் எந்த மூலையில் இருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இதில் முக்கியமானது கேபிள். எண்ணும் அறைக்குப் பத்தடி தூரத்தில் நிற்கும் தொட்டிக்கும் நூற்று நாற்பது மீட்டர் கேபிள்தான், கடைசி மூலையில் நிற்கும் தொட்டிக்கும் நூற்று நாற்பது மீட்டர்தான். மிச்சத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் இதைப் பார்த்து, எதற்கு இவ்வளவு வீண் என்று கேட்பார்கள். சித்தி ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைத்தான் சொல்வாளாம். "ஓட்டப் பந்தயத்துல பக்கத்து வீட்டுக்காரன்னு ஒருத்தன பாதி வழியில நிக்க வைப்பீங்களா? எல்லாரும் ஒரே கோட்டுல நிக்கணும்." அங்கே அவளைத் தொட்டி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். கேபிள் விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் அவளே வெட்டியிருந்தாள்.

சித்திக்கு நாற்பத்தோரு வயது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஏழு வருடம் குழாய் மாட்டினாள். பிறகு மலைமேல் ஒன்பது வருடம். ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருடம் வேலை என்று. கடிதம் வரும் மாதத்தில் அவள் சரியாகச் சாப்பிட மாட்டாள் என்று சித்தப்பா சொல்வார். சித்தப்பா தையல்காரர். அடிவாரத்தில் இரண்டு அறை வீடு, முன் அறையில் அவருடைய மெஷின், பின்னால் துணி காயப்போட ஒரு சின்ன முற்றம். பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் ஆறு மாதமாக நானும் அந்த வீட்டில் இருக்கிறேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

இந்த வருடம் அவளை நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் சித்தப்பா வாடிக்கையாளர் கொடுத்த கால்சட்டையைத் தைக்கும்போது விசிலடிக்க ஆரம்பித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நெட்டை, சித்தி வேலை பார்க்கும் பம்பு அறைக்கு வந்தாள். நெட்டை என்பது அங்கே நான்கு வருடமாக ஆராய்ச்சி செய்யும் பெண். கதவுக்குக் கதவு குனிந்து நுழைகிறவள். ஆராய்ச்சிக் கட்டடத்தில் இருக்கும் டீ மெஷின் எப்போதும் மக்கர் பண்ணும் என்பதால் சித்தியின் கெட்டிலைத் தேடி வருவாள். அன்றைக்கு டீயை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்து நின்றாளாம்.

அவளுடைய ஆராய்ச்சி ஒரு கேள்விதான். எலக்ட்ரானுக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு, பாசிட்ரான். எல்லாம் ஒன்றுபோல, மின்னூட்டம் மட்டும் எதிர். விண்வெளியில் இருந்து பூமியை நோக்கி வரும் துகள்களில், அதிக வேகத்தில் வருகிறவற்றை எண்ணிப் பார்த்தால் இந்தப் பாசிட்ரான்கள் இருக்கவேண்டிய அளவைவிட அதிகம் இருக்கின்றன. எங்கிருந்து வருகின்றன? ஒரு சந்தேகம் பல்சார்கள் மேல். பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த பிறகு மிஞ்சுகிற உருண்டை அது. ஓர் ஊர் அளவுதான் இருக்கும், ஆனால் நொடிக்குப் பல தடவை சுற்றும். சுற்றும்போது எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் ஜோடி ஜோடியாக வாரி இறைக்கும். இன்னொரு சந்தேகம், கண்ணுக்கே தெரியாத வேறு ஏதோ ஒரு பொருள் மேல். யார் என்று நேராகக் கண்டுபிடிக்க முடியாது. துகள்கள் வழியெல்லாம் காந்தப் புலத்தில் வளைந்து வளைந்து வருவதால், வந்த திசையைக் கேட்டால் பொய் சொல்லும்.

ஆனால் ஒளி வளையாது. பல்சாரை விட்டு வெளியே ஓடும் துகள்கள் வழியில் சாதாரண ஒளியோடு மோதி, அதைக் காமா ஒளியாக்கும். அதனால் பல்சாரைச் சுற்றி ஒரு மங்கலான வட்டம் தெரியும். வட்டம் அகலமாக இருந்தால் துகள்கள் தாராளமாக வெளியே ஓடுகின்றன, நம்மிடமும் வந்திருக்கலாம் என்று அர்த்தம். வட்டம் சின்னதாக இருந்தால் பிறந்த வீட்டைச் சுற்றியே தவழ்ந்துகொண்டிருக்கின்றன, நம்மிடம் வந்து சேர்ந்திருக்காது.

"அகலமா இருக்குக்கா," என்றாள் நெட்டை. "நாங்க நெனச்சத விட ரெண்டு மடங்கு. எட்டு மாசக் கணக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கட்டுரைய அனுப்புறோம்."

பிறகு கிண்டலாக, தொட்டியைத் தட்டுவதுபோலக் கெட்டிலைத் தட்டினாள். "உங்க பிள்ளைங்க பொய் சொல்லலையே?"

சித்தியும் சிரித்தாள். எட்டு மாதம் என்ற வார்த்தை காதில் விழுந்தது, சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது என்று என்னிடம் சொன்னாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கிழக்கு வரிசை செத்துப்போயிருந்தது. பன்னிரண்டு தொட்டியின் கேபிளும் சேர்ந்து கிடக்கும் பெட்டிக்குள் எலி புகுந்து கடித்திருந்தது. புதுக் கேபிள் வர இரண்டு வாரம் ஆகும். மறுநாள் காலையில் பெரிய ஆட்கள் பார்வையிட வருகிறார்கள், சாயங்காலத்துக்குள் வரிசைக்கு உயிர் வரவேண்டும் என்று மேலாளர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். சித்தி கடிபட்ட பாகத்தைப் பன்னிரண்டு கேபிளிலும் வெட்டி எடுத்துவிட்டு, முனைகளை இணைத்து, தண்ணீர் புகாமல் மூடினாள். சிக்னல் வந்தது. பதிவேட்டில், "கிழக்கு வரிசை, தற்காலிக இணைப்பு, சிக்னல் சரி" என்று எழுதினாள். எவ்வளவு நீளம் வெட்டினாள் என்று எழுதவில்லை. இரண்டு வாரத்தில் மாற்றப்போகிற கேபிள்தானே. புதுக் கேபிள் இரண்டு மாதம் கழித்து வந்தது. அதற்குள் இணைப்பு ஒரு தடவைகூடத் தொந்தரவு தரவில்லை, அதனால் யாரும் மாற்றவும் இல்லை. தொந்தரவு தராத எதையும் அந்த மலையில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. எல்லாத் தொட்டிகளின் நேரத்தையும் லேசர் விளக்கு வைத்து ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள். அது எலி கடிப்பதற்கு முந்தின வாரம்தான் முடிந்திருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் சித்தி பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்முற்றத்துக்குப் போனாள். கொடியில் காய்ந்த துணிகளை எல்லாம் வாரி என் கையில் போட்டாள். அப்புறம் கொடியையே அவிழ்த்தாள்.

அதுவரை நான் கவனித்ததில்லை. எங்கள் வீட்டுக் கொடி தடித்த கறுப்புக் கேபிள். சித்தி எதையும் தூக்கி எறிகிறவள் கிடையாது. கடிபட்ட பன்னிரண்டு துண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒன்று கொடியாகியிருந்தது. மற்றவை கட்டிலுக்கடியில் சுருட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் தொட்டி எண் எழுதிய வெள்ளை வளையம் அப்படியே இருந்தது.

சித்தப்பாவின் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துக்கொண்டாள். நாடா ஒன்றரை மீட்டர். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு தடவை வைத்து, மிச்சத்தை அளந்தாள். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மீட்டர் பத்து. அடுத்ததும் மூன்று மீட்டர் பத்து. இரண்டு மட்டும் இரண்டு எழுபது. அளந்ததைத் துணி பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"சட்டையில அரை இஞ்ச் குறைஞ்சாலே எனக்குத் தூக்கம் வராது," என்றார் சித்தப்பா. "நூத்து நாப்பதுல மூணு போனா என்ன ஆகும்?"

சித்தி கணக்குச் சொன்னாள். ஒரு நொடியை நூறு கோடி பங்காக்கினால், அதில் ஒரு பங்கில் சிக்னல் கேபிளுக்குள் ஒரு சாண் தூரம்தான் ஓடும். மூன்று மீட்டர் குறைந்தால் பதினைந்து பங்கு முன்னாலேயே வந்து சேரும். கிழக்கு வரிசை பன்னிரண்டும் எட்டு மாதமாக, பார்த்தேன் பார்த்தேன் என்று முந்திக்கொண்டு கத்தியிருக்கின்றன. கிழக்குப் பக்கம் விழுகிற ஒவ்வொரு துகள் மழையும் கொஞ்சம் சாய்ந்து வந்ததாகக் கணக்காகியிருக்கும். ஒரு புள்ளியில் இருந்து வந்த ஒளி இழுபட்டு, மை கசிந்ததுபோல அகலமாகத் தெரியும்.

அகலம் என்று அவள் சொன்னதும் சித்தப்பா மெஷினை நிறுத்தினார்.

வியாழக்கிழமை அவள் சொல்லத்தான் போனாள். நெட்டையின் அறைக் கதவு திறந்திருந்தது. நெட்டை போனில் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாலு வருஷம் வீணாகலைப்பா என்று சொல்வது வாசல் வரை கேட்டது. சித்தி திரும்பி வந்துவிட்டாள். வந்ததும், வடிகட்டியைக் கழற்றிக் கழுவினாளாம். முந்தின நாள் கழுவிய வடிகட்டி.

அன்று சாயங்காலம் சித்தப்பா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்த லேசர் சோதனை எப்ப வருது?"

"அடுத்த மாசம்."

"அப்ப தானா தெரிஞ்சிடும். யாரு எப்ப வெட்டினாங்கன்னு தேடிக்கிட்டா இருக்கப்போறாங்க? நாளைக்குக் கையெழுத்து. ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இரு. ஒன்பது வருஷம் இருந்தியே."

"ஒரு மாசத்துல கட்டுரை வெளிய போயிருக்கும். அந்தப் பொண்ணு பேர்ல."

"அந்தப் பொண்ணு படிச்சவ, திருத்திக்குவா. உனக்கு இத விட்டா அடுத்தது எது? சொல்லு."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. நெட்டைக்குக் கட்டுரை தப்பாகிப்போனால் அவமானம், இன்னொரு கட்டுரை எழுதலாம். சித்திக்கு நாற்பத்தோரு வயதில் கோப்பு திரும்பி வந்தால், அடுத்த வருடக் கடிதமே வருமா என்று சொல்ல முடியாது. நான் அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காகப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொடித் துண்டை மட்டும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். சொல்லப்போகிறாயா என்று சித்தப்பா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது என்று பிறகு சொன்னாள். ஜீப் மேலே ஏற ஏற, வேண்டாம், வேண்டாம் என்றுதான் தோன்றியதாம்.

பத்தரை மணிக்கு மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் ஒரு படிவம். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கோப்பு வந்துவிட்டது, உறுதிமொழியில் மட்டும் அவள் கையெழுத்து வேண்டும், மூன்று மணிக்கு மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றார். பேனாவையும் அவரே திறந்து கொடுத்தார்.

சித்தி எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். துணிக்கடை ரசீதைக்கூடப் படிப்பாள். படித்தாள். ஐந்தாவது வரி இப்படி இருந்தது: என் பொறுப்பில் செய்யப்பட்ட எல்லா வேலைகளும் பதிவேட்டில் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளன.

பேனாவை அந்த வரிக்கு மேலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். மை ஒரு புள்ளியாக விழுந்து ஊறியது.

"சார், ஒண்ணு முழுசா இல்ல," என்றாள்.

மேலாளர் எது என்று கேட்டார். கிழக்கு வரிசை என்றதும் அவர் முகம் மாறியது. அவருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இங்க பாருங்கம்மா. நான் எதையும் கேக்கல. மொதல்ல கையெழுத்தப் போடுங்க. திங்கக்கிழமை வந்து சொல்லுங்க, பதிவேட்டுல சேர்த்துடலாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. தனக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரு வழி காட்டினார். சித்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தைந்து. பேனாவுக்கு மூடி போட்டு, படிவத்தின் மேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை சொன்னா லேட்டு சார். பன்னெண்டு மணிக்கு அவங்க அனுப்புறாங்க."

நெட்டையின் அறையில் அன்றைக்கு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மேஜையில் கேக் பெட்டி பிரிக்காமல் இருந்தது. சித்தி பையில் இருந்து கேபிளை எடுத்து, கேக் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. இதைக் கிழக்கு வரிசைக் கேபிளிலிருந்து வெட்டினேன் என்றாள். பன்னிரண்டு தொட்டியிலும். எட்டு மாதத்துக்கு முன்னால். எழுதி வைக்கவில்லை.

மற்ற இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நெட்டை கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் துணிக் கிளிப் கடித்த தடம் வரிசையாக இருந்தது.

"எத்தனை மீட்டர்?"

"மூணு பத்து. ஏழாம் தொட்டியும் பத்தாம் தொட்டியும் ரெண்டு எழுவது." துணி பில்லை எடுத்து நீட்டினாள்.

"எந்தத் தேதி?"

சித்தி தேதியையும் சொன்னாள். சாயங்காலம் எத்தனை மணியில் இருந்து என்றும் சொன்னாள். நெட்டை கணினிப் பக்கம் திரும்பி ஏதோ மூடினாள். "சரி, நீங்க போங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. சித்திக்கு எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது.

கேக் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. மறுபடி கணக்குப் போட நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் நெட்டை பம்பு அறைப் பக்கம் வரவில்லை. மக்கர் பண்ணும் மெஷினிலேயே டீ குடித்தாள். சித்தி தினமும் இரண்டு பேருக்கு வெந்நீர் வைத்தாள். வீட்டில் சித்தப்பா அவளிடம் தேவையானதை மட்டும் பேசினார். ஒருநாள் மட்டும் அடக்க முடியாமல் கேட்டார்.

"அந்த மேலாளர்தான அவசரப்படுத்தினாரு? அதச் சொன்னியா?"

"கத்திரி என் கையில இருந்துச்சு."

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் நெட்டை குனிந்து உள்ளே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கெட்டிலை அவளே எடுத்து ஊற்றிக்கொண்டாள். திருத்திய கணக்கில் வட்டம் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டதாம். அந்தப் பல்சாரின் துகள்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. நம்மிடம் வரும் பாசிட்ரானுக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு பல்சார்கள் இருக்கலாம், அல்லது நடுவழியில் மட்டும் அவை வேகமாக ஓடியிருக்கலாம், அல்லது வேறு ஏதோ. கட்டுரையின் தலைப்பில் இருந்து எல்லாவற்றையும் மாற்றவேண்டும்.

"கோவமாத்தான் இருக்குக்கா," என்றாள். "உங்க மேல ரொம்ப. ஆனா அனுப்பியிருந்தேன்னா..." டீயை ஒரு மடக்குக் குடித்தாள். "மத்த ஒன்பது வரிசையிலயும் ஒட்டு இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. தெரிஞ்சு இல்லன்னு சொல்றதுக்கு இப்ப பயமா இருக்கு. அளந்துடலாம்."

இரண்டு பேரும் மூன்று வாரம் அளந்தார்கள். நூற்று எட்டுக் கேபிள். ஒரு கருவியால் கேபிளுக்குள் துடிப்பை அனுப்பி, அது முட்டித் திரும்பும் நேரத்தை வைத்து நீளத்தைச் சொல்வாள் நெட்டை. சித்தி எழுதுவாள். பதிவேட்டில் நீளத்துக்கு என்று ஒரு கட்டம் இல்லாததால் ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டாள். ஒன்றிலும் ஒட்டு இல்லை. கிழக்கு வரிசைக்குப் புதுக் கேபிள் போட்டாயிற்று.

கோப்பு திரும்பிவிட்டது. மேலாளர் எழுத்துமூலம் ஒரு கண்டிப்பும் கொடுத்தார். அதில் எலி இருந்தது, சித்தி இருந்தாள், அவர் இல்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வாயால் சொல்லியிருக்கிறார். சித்தி சாட்சிக்காகக் கொடுத்த கேபிள் துண்டு இன்னும் ஆராய்ச்சிக் கட்டடத்தில்தான் இருக்கிறது. கட்டிலுக்கடியில் பதினொன்று கிடந்தாலும் அவற்றில் ஒன்றைக் கொடியாகக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. எங்கள் துணி நாற்காலி முதுகில் காய்கிறது.

"கடைசியில அது எங்கேருந்துதான் வருதாம்?" என்று சித்தப்பா நேற்றுக் கேட்டார். பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார், முகத்தைப் பார்க்காமல்.

"தெரியலையாம்," என்றாள் சித்தி.

அவள் பதிவேட்டின் நகல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருட வேலை, அதில் விட்டுப்போன ஒரே ஓர் அளவு இப்போது அதன் இடத்தில் இருக்கிறது. ஐந்தாவது வரிக்குக் கீழே இன்றைக்கு அவள் தயங்காமல் கையெழுத்துப் போடுவாள். படிவத்தைத்தான் மேலாளர் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.